ஆளில்லாத கரையைக் காட்டி அழைத்தோம்: ஒரு மெய்நிகர் கடற்கரையும் அதை ஒதுக்கிய பொறியாளர்களும்

பின்னணி

மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடையில், மன்னார் வளைகுடாவைத் தெற்கே பார்த்து அமைந்திருக்கும் ஒரு மீனவ ஊரில் 2021-க்கும் 2022-க்கும் இடையே நடந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். ஊரின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். ஊர்ப் படிப்பகத்தில் நான்கு பழைய கணினிகளோடு ஒரு சிறிய பயிற்சிப் பிரிவு இயங்கியது. அதன் பொறுப்பு அப்போது என்னிடம் இருந்தது.

2021 ஏப்ரல் 15 அன்று விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வழக்கம்போல் தொடங்கியது. அது முடிவதற்குள் கொரோனா இரண்டாம் அலை பரவி, மே 10 முதல் தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு வந்தது. பள்ளிகள் மூடியே இருந்தன. படிப்பகத்தையும் பூட்டிவிட்டோம். வழக்கமாக மாலையில் வலைக் கொட்டகையில் கூடும் பெரியவர்கள் வீட்டுத் திண்ணையோடு நின்றுவிட்டார்கள்.

எங்கள் ஊரில் படித்து, சென்னை, பெங்களூரு, துபாய், சிங்கப்பூர் என்று மென்பொருள் வேலைக்குச் சென்ற ஏழு பேர் ஊருக்காக ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். படிப்பகத்தின் இணையக் கட்டணத்தை அவர்கள்தான் கட்டினார்கள். கணினிகளில் இரண்டு அவர்கள் அனுப்பியவை. இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. பின்னால் வரும் பகுதிகளைப் படிப்பவர்கள் அவர்களை ஊரை மறந்தவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது.

அந்த ஊரடங்கில் பிளஸ் ஒன் மாணவி ஒருவர் பிளெண்டர் என்ற இலவச மென்பொருளைத் தானாகவே கற்று, எங்கள் கரையை முப்பரிமாணத்தில் வரைந்தார். வலைக் கொட்டகை, பள்ளிவாசல் மினாரா, அம்மன் கோவில், கரையேற்றிய நாட்டுப்படகுகள், எதிரே தெரியும் தீவு என எல்லாம் அதில் இருந்தன. உலாவியிலேயே திறக்கும் ஓர் இலவச முப்பரிமாண அறைச் சேவையில் அதை ஏற்றினோம். லிங்கைத் தட்டினால் போதும், ஒரு பொம்மை உருவத்தில் அந்தக் கரையில் போய் நிற்கலாம். அருகில் நிற்பவரின் குரல் உரக்கவும் தள்ளி நிற்பவரின் குரல் மெல்லவும் கேட்கும். பிரிந்து கிடக்கும் ஊரை வாரம் ஒருமுறை அங்கே கூட்டலாம் என்பது எங்கள் எண்ணம்.

முதல் அழைப்பும் அதற்குக் கிடைத்த பதிலும்

2021 ஜூன் 20, ஞாயிற்றுக்கிழமை காலையில், "முன்னோட்டம் தயார், பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள்" என்று பொறியாளர்களுக்கு லிங்கை அனுப்பினேன். தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் முதலில் ஏற்றுக்கொண்டால் மற்றவர்களை அழைத்து வருவது எளிது என்று நம்பினேன். இந்த நிகழ்வில் நான் செய்த பெரிய பிழை இதுவே. ஏன் என்பது எனக்குப் புரிய ஏழெட்டு வாரங்கள் ஆயின.

ஏழு பேரில் ஐந்து பேர் அன்றே லிங்கைத் திறந்தார்கள். ஒவ்வொருவரும் தனக்கு ஒழிந்த நேரத்தில், தனியாக, ஆளில்லாத கரைக்குள் நுழைந்திருக்கிறார்கள். அதிக நேரம் இருந்தவர் 15 நிமிடம் இருந்தார். ஒருவர் கொட்டகையின் சுவரை ஊடுருவி வெளியே போக முடிகிறதா என்று பார்த்து, முடிகிறது என்பதைப் படத்தோடு அனுப்பினார். இன்னொருவர் மாதிரியின் கோப்பு அளவைச் சோதித்து, இரண்டு ஜி.பி. நினைவகம் உள்ள கைபேசியில் இது நிச்சயம் நின்றுவிடும் என்றார். தண்ணீரின் ஒளிப்பிரதிபலிப்பு சரியில்லை என்றார் மூன்றாமவர். துபாயில் இருப்பவர் ஒரே வரியில் முடித்துக்கொண்டார்: "நல்லா இருக்கு, ஆனா இதுல என்ன செய்யணும்?"

வரைந்த மாணவி அந்தப் பதில்களை எல்லாம் படித்தார். இரண்டு வாரம் அந்தக் கோப்பைத் திறக்கவே இல்லை.

புறக்கணிப்புக்குப் பின்னால் இருந்தவை

ஜூலையில் அவர்களில் நான்கு பேரிடம் தனித்தனியே தொலைபேசியில் பேசினேன். நான் எதிர்பார்த்த அளவுக்கு அவர்கள் ஒரே மாதிரியாகப் பேசவில்லை.

மூத்தவருக்கு அனுபவமே தடையாக இருந்தது. அவர் 2007-இல் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகத்தில் சில மாதங்கள் உலவியவர். சான் பிரான்சிஸ்கோவின் லிண்டன் லேப் நிறுவனம் 2003-இல் தொடங்கிய அந்த உலகத்துக்கு அன்று இருந்த ஆரவாரம் இன்றைய இளைஞர்களுக்குத் தெரியாது. ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2006-இல் அதற்குள் ஒரு செய்திப் பிரிவையே திறந்தது. 2007-இல் ஸ்வீடன் அங்கே தூதரகம் அமைத்தது. பெரிய நிறுவனங்கள் தீவு தீவாக வாங்கிக் கட்டடம் எழுப்பின. இவர் தன் மேலாளருக்காக அந்தத் தீவுகளைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதியிருக்கிறார். பளபளக்கும் கட்டடங்கள் இருந்தன, ஆள் யாரும் இல்லை என்றார். ராய்ட்டர்ஸ் சில ஆண்டுகளிலேயே வெளியேறிவிட்டது. 2008 ஜூலையில் கூகுள் தொடங்கிய லைவ்லி என்ற மெய்நிகர் உலகமும் அந்த ஆண்டு டிசம்பரிலேயே மூடப்பட்டது. அந்தக் கணக்கை எல்லாம் எனக்குச் சொல்லிவிட்டு, "நீங்க கட்டுறதும் ஒருநாள் மூடித்தான் போகும். பிள்ளையோட உழைப்பு வீணாப் போகக் கூடாதுன்னுதான் சொல்றேன்" என்றார். அதில் ஏளனம் இல்லை. அக்கறைதான் இருந்தது, பின்னால் அவர் சொன்னபடியே நடந்தும்விட்டது.

செகண்ட் லைஃப் மட்டும் இன்றுவரை இயங்கிக்கொண்டிருக்கிறது என்பதை அவரிடம் சொன்னேன். அவரால் நம்ப முடியவில்லை. நிறுவனங்கள் விட்டுப்போன பிறகும் அங்கேயே தங்கிவிட்ட மனிதர்களை அவர் அன்று சந்தித்திருக்கவில்லை. அவர் போனது நிறுவனங்களின் தீவுகளுக்கு மட்டுமே.

சென்னையில் இருக்கும் இளையவரின் நிலை வேறு. "வெட்டிப்பொழுது" என்ற சொல்லை அவர் மூன்று முறை பயன்படுத்தினார். ஆனால் 2020 செப்டம்பரில் இந்தியாவில் தடை செய்யப்படும் வரை பப்ஜி விளையாட்டில் ஊர் நண்பர்களோடு தினமும் இரவில் மணிக்கணக்காகக் கழித்தவர் அவர். ஒரு ஆட்டம் முடிந்து அடுத்த ஆட்டம் தொடங்குவதற்குள் அங்கேயே நின்று, கல்யாணம், வேலை, வீட்டுக்கடன் எல்லாம் பேசித் தீர்த்ததாகவும் அவரே சொன்னார். அதுவும் மெய்நிகர் உலகம்தானே என்று கேட்டேன். "இல்ல, அது கேம்" என்றார். அங்கே சுடுவதற்கு ஆள் இருந்தது, எண்ணிக்கை இருந்தது, வெற்றி தோல்வி இருந்தது. அந்த மறைப்பின் பின்னால் நின்று பேசியதுதான் அவருக்குப் பிடித்திருந்தது என்பது என் கணிப்பு; பேசுவதற்காக மட்டும் ஓர் இடத்துக்குப் போவதை அவரால் தனக்குத்தானே நியாயப்படுத்திக்கொள்ள முடியவில்லை. பணி நேரத்தைக் கால்மணிக் கணக்கில் அட்டவணையில் நிரப்பிப் பழகியவர்களிடம் இந்தக் கூச்சத்தைப் பிற்பாடும் பலமுறை கண்டேன்.

மூன்றாமவர் முன்வைத்த வாதம் எனக்கு நெடுநாள் சரியென்றே தோன்றியது. வீடியோ அழைப்பில் முகமே தெரியும்போது பொம்மை உருவம் எதற்கு என்றார் அவர். இந்தக் கேள்விக்கு மாணவிகளின் பக்கத்திலிருந்துதான் விடை கிடைத்தது. எங்கள் இணையவழி வகுப்பில் பதினொரு பிள்ளைகள் இருந்தார்கள். பெண் பிள்ளைகள் யாரும் கேமராவைத் திறந்ததே இல்லை. ஒற்றை அறை வீடு. பின்னால் அம்மா சமைத்துக்கொண்டிருப்பார், அப்பா படுத்திருப்பார், கொடியில் துணி தொங்கும். கேமராவை மூடினால் பெயர் மட்டும் தெரியும் கறுப்புக் கட்டத்துக்குள் போய்விடுவார்கள், பேசவும் மாட்டார்கள். அதே பிள்ளைகள் பொம்மை உருவத்தில் கரைக்கு வந்தபோது படகின் மேல் ஏறி நின்று ஒருவரை ஒருவர் கூவி அழைத்தார்கள். வெள்ளைச் சுவரும் கதவும் உள்ள தனி அறையில் உட்கார்ந்து பேசும் பொறியாளருக்கு இப்படி ஒரு சிக்கல் இருப்பதே தெரிய வாய்ப்பில்லை.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. இத்தகைய உலகங்களை முதலில் கட்டியவர்களும் முதலில் குடியேறியவர்களும் கணினி வல்லுநர்களே. 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் எழுத்தால் மட்டுமே ஆன மட் என்ற உலகத்தை உருவாக்கினார்கள். 1986-இல் வந்த ஹேபிடாட் என்ற மெய்நிகர் உலகம், திரையில் நடமாடும் உருவத்துக்கு நம் அவதாரம் என்ற சொல்லையே எடுத்துக்கொண்டது. ஆகவே தொழில்நுட்பம் அறிந்தவர்களுக்கு இது இயல்பாகவே ஒவ்வாது என்று சொல்லிவிட முடியாது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஆகஸ்ட் தொடக்கத்தில் மாணவியோடும் மற்றப் பிள்ளைகளோடும் உட்கார்ந்து பேசி, நடைமுறையை மாற்றினோம்.

யாரிடமும் கருத்துக் கேட்பதில்லை என்பது முதல் முடிவு. கருத்துக் கேட்டால் வருபவர் சோதனையாளராகவே வருகிறார். சோதனையாளர் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் வருவார். அதற்குப் பதிலாக ஞாயிறு மாலை 7 மணி முதல் 8 மணி வரை என்று நேரம் குறித்தோம். அந்த ஒரு மணி நேரம் தவிர அறையைப் பூட்டிவிட்டோம். திறந்தே கிடந்தால் யாராவது தனியே வந்து பார்த்துவிட்டு, கல்யாணம் முடிந்த மறுநாள் மண்டபத்தைப் பார்த்தவரைப் போலத் திரும்பிவிடுவார்கள்.

கோப்பு அளவைப் பற்றிப் பொறியாளர் சொன்னது சரியாக இருந்ததால், அதை அப்படியே ஏற்றுக்கொண்டோம். தண்ணீரின் அலைகளையும் படகுகளின் நுணுக்கங்களையும் நீக்கி மாதிரியைச் சுருக்கினோம். ஒரு நாளைக்கு 1.5 ஜி.பி. டேட்டாவை வைத்துக்கொண்டு வகுப்பும் கவனிக்க வேண்டிய பிள்ளைகளுக்கு அது தேவையாக இருந்தது. பாதுகாப்புக்காக லிங்கை வாரந்தோறும் மாற்றினோம். பெண் பிள்ளைகள் இருக்கும் கூட்டத்தில் நானோ இன்னொரு ஆசிரியையோ முழு நேரமும் இருந்தோம்.

ஊரின் மூத்த மீனவர் ஒருவரைப் பேச அழைப்பது என்பதும் அன்றே முடிவானது. காலில் அடிபட்டு ஆறு ஆண்டுகளாகக் கடலுக்குப் போகாதவர் அவர். தன் பேச்சைப் பதிவு செய்யக் கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை. பதிவு செய்து யூடியூபில் போட்டால் பலருக்குப் பயன்படுமே என்று குழுவில் ஒருவர் கேட்டார். பெரியவர் மறுத்துவிட்டார், நாங்களும் அவர் பக்கம் நின்றோம். கரையில் உள்ள அடையாளங்களை ஒன்றோடொன்று நேர்வைத்துக் கடலுக்கு அடியில் இருக்கும் பாரை, அதாவது மீன் கூடும் பாறைத்திட்டை, கண்டுபிடிக்கும் முறையைப் பற்றித்தான் அவர் பேச இருந்தார். எந்தப் பார் எங்கே இருக்கிறது என்பது தொழில் ரகசியம். யார் காதில் விழுகிறது என்று தெரியாமல் அவர் வாய் திறக்கமாட்டார்.

பெரியவர் வந்த மாலை

பேரனின் கைபேசியில் பெரியவர் நுழைந்ததும் முதலில் கேட்டது, "யாரெல்லாம் வந்திருக்கீக?" என்பதுதான். அலையையோ ஒளியையோ அவர் பார்க்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொல்ல, இன்னாரின் மகளா, இன்னாரின் பேரனா என்று விசாரித்துவிட்டுத்தான் கடலைத் திரும்பிப் பார்த்தார். பார்த்ததும், "அந்தப் பனை தப்பான இடத்துல நிக்குது" என்றார்.

கரையில் ஓர் ஒற்றைப் பனை இருந்தது உண்மை. பல ஆண்டுகளுக்கு முன்பே விழுந்துவிட்டது. பாட்டி சொல்லக் கேட்டு மாணவி அதைத் தோராயமாக நட்டிருந்தார். பெரியவருக்கோ அது அழகுக்கு நின்ற மரமாக இருந்ததில்லை. கடலிலிருந்து பார்க்கும்போது பனை மினாராவுக்கு நேராக வந்தால் படகு ஒரு கோட்டில் நிற்கிறது. படகு கிழக்கே நகர்ந்தால் பனை மினாராவை விட்டு மேற்கே விலகும். கோவில் கோபுரத்தையும் தீவின் முனையையும் வைத்து இதேபோல் இன்னொரு கோடு கிடைக்கும். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் நங்கூரம் போட்டால் கீழே பார் இருக்கும். அறிவியல் பாடத்தில் இடமாறு தோற்றப் பிழை என்று படித்தது இதுதானே என்று ஒரு மாணவன் கேட்டான். பிழை ஒன்றும் இல்லை, அதை நம்பித்தான் பிழைத்தோம் என்றார் பெரியவர்.

பனை விவகாரத்தை அன்றிரவே குழுவில் எழுதினேன். வரைபட மென்பொருள் துறையில் வேலை பார்க்கும் சிங்கப்பூர்க்காரர் உடனே பதில் போட்டார்: ஜி.பி.எஸ். இருக்கும் காலத்தில் இந்தக் கணக்கு எதற்கு, செயற்கைக்கோள் படத்தில் பனையின் இடத்தைப் பார்த்து வைத்துவிடலாமே. விழுந்த பனை செயற்கைக்கோள் படத்தில் இருக்காது என்று மாணவி எழுதினார். அவர் அந்தக் குழுவில் எழுதிய முதல் செய்தி அது.

அடுத்த ஞாயிறு சிங்கப்பூர்க்காரர் வந்தார். கோவிலையும் தீவையும் மினாராவையும் செயற்கைக்கோள் படத்தை வைத்துச் சரியான தொலைவில் முன்கூட்டியே பொருத்தியிருந்தார். பெரியவர் படகில் நின்றுகொண்டார். எல்லோருக்கும் தெரிந்த இரண்டு பார்களை மட்டும் எடுத்துக்கொண்டு, படகை மாற்றி மாற்றி அவற்றின் மேல் நிறுத்தச் சொன்னார். தன் சொந்தப் பார்களை அவர் கடைசி வரை காட்டவில்லை. பொறியாளர் கரையில் பனையைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார். "இன்னும் மேக்கால போ தம்பி... போ... நில்லு. கொஞ்சம் பின்னால வா." நாற்பது நிமிடம் இப்படியே போனது. இறுதியில் பெரியவர் நில்லு என்ற இடத்தில் பனையை நட்டுவிட்டு, அங்கிருந்து கடலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, பொறியாளர் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: "தாத்தா, எங்க அப்பாவும் இந்தக் கணக்குலதான் போவாரா?"

அவருடைய தகப்பனார் அவர் சிறுபிள்ளையாக இருந்தபோதே இறந்தவர். பெரியவரோடு ஒரே படகில் தொழில் செய்தவர். அன்று அறையைப் பூட்டும்போது மணி ஒன்பதரை.

பின்விளைவு

சிங்கப்பூர்க்காரர் அதன்பின் பெரும்பாலான ஞாயிறுகளில் வந்தார். மூத்தவர் இரண்டு முறை வந்தார், அதிகம் பேசவில்லை. மற்ற ஐந்து பேரும் வரவே இல்லை. அக்டோபர் 28 அன்று ஃபேஸ்புக் நிறுவனம் இனி மெய்நிகர் உலகங்களே தன் இலக்கு என்று அறிவித்து, தன் பெயரை மெட்டா என்று மாற்றிக்கொண்டதும், வரலாம் என்று இருந்த ஒருவரும் பின்வாங்கினார். அதுவரை விளையாட்டு என்று ஒதுக்கப்பட்டது, அதன்பின் விளம்பரப் பித்தலாட்டம் என்று ஒதுக்கப்பட்டது. 2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு மணமக்கள் மெய்நிகர் உலகில் திருமண வரவேற்பு நடத்திய செய்தி வந்தபோது குழுவில் சிரிப்புப் படங்கள் குவிந்தன. எங்கள் ஞாயிறு மாலைகளையும் அதே கூடையில் போட்டுவிட்டார்கள். நிறுவனங்கள் விற்க நினைப்பதற்கும் பதினைந்து பேர் வாரம் ஒருமுறை கூடுவதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்க முயன்று, என்னால் முடியவில்லை.

2021 செப்டம்பர் 1 அன்று 9 முதல் 12 வரையிலான வகுப்புகள் திறந்த பிறகு பிள்ளைகளின் வருகை குறைந்தது. 2022 மார்ச்சில் கூட்டத்தை நிறுத்தினோம். வலைக் கொட்டகையே மறுபடி நிரம்பியிருந்ததால் அதில் வருத்தம் இல்லை. நாங்கள் பயன்படுத்திய சேவை 2024-இல் மூடப்பட்டது. மூத்தவரின் எச்சரிக்கையை மனத்தில் வைத்து மாதிரிக் கோப்புகளை மாணவி முன்பே பென்டிரைவில் எடுத்து வைத்திருந்ததால் கரை தொலையவில்லை. பனை பெரியவர் சொன்ன இடத்திலேயே அதில் நிற்கிறது. ஆனால் அவர் பேசிய எதுவும் பதிவில் இல்லை.

எதை மாற்றிச் செய்வோம்

பொறியாளர்களுக்கு நான் முதல் நாளே அனுப்பிய லிங்க் தவறான நேரத்தில், தவறான ஆட்களுக்குப் போனது. பிள்ளைகளும் பெரியவர்களும் ஒரு மாதம் கூடிப் பழகிய பிறகு அவர்களை அழைத்திருக்க வேண்டும். அழைக்கும்போது செய்வதற்கு ஒரு வேலையையும் கையில் கொடுத்திருக்க வேண்டும்; சிங்கப்பூர்க்காரர் பனைக்காகத்தான் வந்தார், சும்மா வரச் சொல்லியிருந்தால் வந்திருக்கமாட்டார். இப்படி வேலையைச் சாக்காக வைத்து ஒருவரை உள்ளே இழுப்பது சரியா என்று சக ஆசிரியை ஒருவர் கேட்டார். வலை பின்னுவதைச் சாக்காக வைத்துத்தானே கொட்டகையிலும் பேசுகிறார்கள் என்று நான் பதில் சொன்னேன். அவர் முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை.

சேவை மூடப்படும் வாய்ப்பை மூத்தவர் சொன்ன அன்றே எழுத்தில் குறித்து, மாற்று ஏற்பாட்டை அவரிடமே கேட்டிருக்கலாம். மறுப்பவர்களின் குறைகளில் எது தொழில்நுட்பம் சார்ந்தது, எது கூச்சம் சார்ந்தது என்று பிரித்துப் பார்க்க நான் தாமதித்தேன். முதல் வகைக்கு அவர்களே நல்ல ஆலோசகர்களாக இருந்திருப்பார்கள். மாணவிக்கு அந்தப் பதில்களை வடிகட்டாமல் காட்டியதும் என் தவறே.

தற்போது கல்லூரியில் படிக்கும் அதே மாணவி, வரும் தடைக்காலத்தில் கரையை வேறொரு சேவையில் மீண்டும் திறக்க நினைக்கிறார். அழைப்புச் செய்தியை அவரே எழுதிக் காட்டினார். நாள், நேரம், அன்று யார் பேசுகிறார் என்ற மூன்று விவரங்கள் மட்டுமே அதில் இருந்தன. லிங்கை ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் அனுப்பப் போகிறாராம்.